பாதியில் வந்தவள்

கோயம்புத்தூர்,
16 ஜூன் 2024

அன்புத் தங்கை ஜெசிந்தாவுக்கு,

அக்கா பொற்கொடி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? சேலத்துப் பக்கம் வெயில் இன்னும் இறங்கவில்லை என்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடி.

கன்னியாஸ்திரீ ஆகப் பயிற்சி எடுக்கிற நவதுறவியர் இல்லத்தில் இந்த வருஷம் முழுக்கப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது கை வலிக்கிறது. பரீட்சையைத் தவிர வேறு எதற்கு நான் காகிதத்தில் எழுதியிருக்கிறேன்?

நல்ல சேதி ஒன்று. என்னை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். சப்ளையராகச் சேர்ந்த அதே ஹோட்டலில்! முதலாளி திருமூர்த்தி எல்லோரையும் கூட்டி நிறுத்தி, "இனிமே பொற்கொடி சொல்றதுதான் சட்டம், கேட்டுக்குங்க" என்றார். அப்ரண்டிஸ் டிகிரியிலும் இது கடைசி வருஷம். செவ்வாய்க்கிழமை மட்டும் கல்லூரிக்குப் போகிறேன். மற்ற நாட்களில் ஹோட்டலில் பார்க்கிற வேலையே பாடம், அதற்கும் மதிப்பெண் உண்டு. வருஷம் முடிவதற்குள் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து, நான் வேலை செய்வதை நேரில் பார்த்து மார்க் போடுவாராம்.

அப்பாவின் குட்டி யானை வண்டிக்கு ஓட்டம் இருக்கிறது. தொண்டாமுத்தூரில் காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு வருகிறார். போன வாரம் நிஜ யானையே ரோட்டுக்கு வந்துவிட்டதாம். "ரெண்டு யானையும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நின்னுச்சு கண்ணு. என்ற யானைதான் முதல்ல பின்னால நகர்ந்துச்சு" என்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஊரே உன்னைத்தான் விசாரிக்கிறது. அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறார். அம்மா உயிரோடிருந்தால் உன்னை வெள்ளை உடுப்பில் பார்த்து அழுது தீர்த்திருப்பாள்.

எனக்காக வேண்டிக்கொள். கணக்கியல் பேப்பருக்குக் கொஞ்சம் கூடுதலாக.

உன் அக்கா,
பொற்கொடி

---

சேலம்,
7 ஜூலை 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நலமாக இருக்கிறேன். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை பார்க்காதே, மேனேஜருக்கு நாற்காலி கொடுப்பார்கள் அல்லவா?

உன் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு யானைக் கதைக்குப் பொறுப்புச் சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். நாங்கள் எழுதுகிற கடிதங்களையும் எங்களுக்கு வருகிற கடிதங்களையும் அவர் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இங்கே அது வழக்கம். அதனால் கையெழுத்தைத் திருத்தமாக எழுதுகிறேன்.

எனக்கு இந்த மாதம் தோட்ட வேலை. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். பேசக் கூடாத நேரம் இங்கே அதிகம். ஊரில் பேசிப் பேசி உன்னிடம் திட்டு வாங்கியவள் நான். இப்போது நீ பார்த்தால் அதிசயப்படுவாய்.

அக்கா, ரத்தினபுரியில் அதே அறையில்தான் இருக்கிறாயா? அங்கே இன்னொரு கட்டில் இருந்ததே, ஜன்னல் பக்கம். அது இன்னும் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

கணக்கியலுக்கு வேண்டிக்கொண்டேன்.

அன்புடன்,
ஜெசிந்தா

---

கோயம்புத்தூர்,
11 ஆகஸ்ட் 2024

என் கண்ணு ஜெசிக்கு,

நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆடி மாதம் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைத்தேன். அந்த மாதம்தான் சமையலறையில் புகைபோக்கி மாற்றவேண்டும் என்று ஆரம்பித்தார் முதலாளி. பிரியாணி மாஸ்டர் ரசாக் அண்ணன் கோபித்துக்கொண்டு போனார். அவர் வீடு வரை போய் அழைத்து வந்தேன். "நீ வந்து கூப்புட்டதால வாரேன் அம்மணி, வேற யாரு வந்திருந்தாலும் நடக்காது" என்றார். மறுநாள் கல்லூரியில், பணியாளர் மனநிலை பற்றிய வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியர் கைதட்டச் சொன்னார்.

இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. மேசையைத் துடைக்க எடுக்கும்போது தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். பொரியலை ஒதுக்கியிருந்தால் அன்றைக்குப் பொரியலில் ஏதோ தப்பு. வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள், தட்டு சொல்லிவிடும்.

அதே அறைதான். அந்தக் கட்டில் முழுக்க என் புத்தகமும் அட்டைப்பெட்டியும்தான். படுக்க ஒரு சாண் இடம் இல்லை. நல்ல வேளை, நீ இப்போது இருபது பேர் படுக்கிற கூடத்தில் இருக்கிறாய்!

பாசத்துடன்,
பொற்கொடி

---

சேலம்,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் இறைவன் நல்ல சுகம் தரட்டும்.

எனக்குக் கொஞ்ச நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. உடுப்புதான் தொளதொளவென்று ஆகிவிட்டது. நல்லவர்கள் எல்லோரும், கஞ்சி வைத்துக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவிடம் சொல்லாதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களோடு இருந்த ஒரு பெண் போன மாதம் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். காலையில் அவள் இடம் காலியாக இருந்தது. யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு இனி என்ன ஆகும் அக்கா? ஊரில் என்ன சொல்வார்கள்? ஜெபமும் தோட்ட வேலையும் தவிர ஒன்றும் தெரியாதவள். அப்படி ஒருத்தி உன் ஹோட்டலில் வந்து வேலை கேட்டால் சேர்த்துக்கொள்வாயா? அவள் அக்கா அவளை ஏற்றுக்கொள்வாளா?

அவளுக்காகத்தான் கேட்கிறேன். மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உனக்கு நேரம் இருக்கும்போது யோசித்து எழுது. சீக்கிரம் எழுதினால் நல்லது.

உன்,
ஜெசிந்தா

---

கோயம்புத்தூர்,
10 நவம்பர் 2024

அன்பு ஜெசிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை, திட்டாதே. ஆயுத பூசை, அப்புறம் தீபாவளி, நடுவில் செமஸ்டர். கணக்கியல் தேறிவிட்டேன், உன் ஜெபம்தான். காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேறியதா? கீரை சேர்த்துக்கொள்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஸ்வீட் பார்சல் வரிசை ரோடு வரை நிற்கிறது. பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள். அவள் வேலையையும் நானே பார்த்தேன். மறுவாரம் வந்து அழுகிறாள். "பாதியில போறவங்களுக்கு இங்க இடமில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முதலாளி பாராட்டினார்.

நீ கேட்ட அந்தப் பெண்ணைப் பற்றி நான் என்ன சொல்ல? மடத்தில் சேரும் முன்பே யோசித்திருக்க வேண்டும். யாருக்குத்தான் கஷ்டம் இல்லை? எனக்கும் எத்தனையோ நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் தாண்டிவிடலாம். பாதியில் வருபவர்களை நம்பி யார் எதைக் கொடுப்பார்கள்? அவள் அக்காவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஊருக்குப் பதில் சொல்லியே அவள் காலம் போய்விடும்.

நீ அப்படிப்பட்டவள் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "மாசாணி, உன்ற சின்ன மக ஆண்டவர்கிட்ட பத்திரமா இருக்கா." அதைக் கேட்டு நான் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

பாசத்துடன்,
அக்கா

---

சேலம்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்தது. கணக்கியல் தேறியதில் சந்தோஷம். நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஜெசிந்தா

---

கோயம்புத்தூர்,
26 ஜனவரி 2025

என் தங்கத்துக்கு,

புது வருஷத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு உன்னைப் பார்க்க வருவதாக இருந்தேன். அன்றைக்கு ஹாலில் மூன்று பார்ட்டி, விடவில்லை. போன கடிதத்தில் ஏன் நாலே வரி? பரவாயில்லை, உனக்கும் வேலை இருக்கும்.

ஜெசி, போன வியாழக்கிழமைதான் கல்லூரியிலிருந்து மார்க் போட வந்தார்கள். சசிதர் என்று ஒரு பேராசிரியர், பேசவே மாட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க என் பின்னாலேயே நடந்து குறித்துக்கொண்டிருந்தார். வாசலில் கைகூப்பி வரவேற்றேன், வயசானவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன், ஒரு மேசை விடாமல் போய், "எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைசியில் அந்த மனுஷர் சிரித்தார்! "வந்த ஒருத்தரைக்கூட நீங்க விடலீங்க" என்றார். எங்கள் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

அன்று மாலை எல்லோருக்கும் என் செலவில் கேசரி. உனக்குப் போன் செய்ய முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

உடனே பதில் போடு.

உன் அக்கா,
பொற்கொடி

---

கோயம்புத்தூர்,
9 மார்ச் 2025

ஜெசி கண்ணு,

நீ எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா, எங்கே படுக்கிறாய், எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த விலாசமும் அப்பா கொடுத்ததுதான்.

ஜனவரியில் போட்ட கடிதம் திரும்பி வந்தது. இல்லத்துக்குப் போன் செய்தேன். பொறுப்புச் சிஸ்டர், "ஜெசிந்தா ஜனவரியிலயே போயிட்டாளேம்மா, உங்ககிட்ட வரலையா?" என்றார். கவுண்டரை எங்கள் சப்ளையர் பெண் சண்முகப்ரியாவிடம் விட்டுவிட்டுத் தொண்டாமுத்தூருக்கு ஓடினேன்.

அப்பா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே குழாயை மூடிவிட்டார்.

"ஜெசி எங்கப்பா?"

"மேட்டுப்பாளையத்துல இருக்கா. பாத்திமுத்து ஊட்டு மண்டியில பில்லு போடறா. நல்லா இருக்கா கண்ணு."

உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாத்திமுத்து. அப்பா லோடு இறக்கப் போனபோது நீ மண்டியில் உட்கார்ந்திருந்தாயாம். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அழுதீர்களாம்.

"எனக்கு ஏனப்பா சொல்லலை?"

"அவதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டா. அக்காவுக்குப் பரீட்சை இருக்குது, இப்ப வேண்டாங்கப்பான்னு சொன்னா. ஊரு என்ன பேசுமோன்னு பயந்தா. நான் சொன்னேன், ஊரு கெடக்குது போ சாமி, நீ கஞ்சி குடிச்சியான்னு."

அப்பாவுக்கு வந்த அந்த வார்த்தை எனக்கு வரவில்லையே ஜெசி. உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "அவளுக்காகத்தான் கேட்கிறேன்." இதைக்கூட நான் புரிந்துகொள்ளவில்லை. அதற்கு நான் எழுதிய பதிலையும் நினைத்துப் பார்த்தேன். உட்கார முடியவில்லை.

என் அறைக்கு வா. இன்றைக்கே வா. நீ சொன்னால் நானே வந்து கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு நேராக ஏன் என்னிடம் வரவில்லை?

அக்கா

---

மேட்டுப்பாளையம்,
30 மார்ச் 2025

அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இளைத்த உடம்பு தேறிவிட்டது. பாத்திமுத்துவின் அம்மா இரண்டு பேர் சாப்பாட்டை எனக்கு ஒருத்திக்கே போடுகிறார். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. இப்போது என்னிடம் போன் இருக்கிறது. ஆனால் உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல மாட்டேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அங்கே என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. அந்த வாழ்க்கை எனக்கானது இல்லை, அவ்வளவுதான். முதலில் கண்டுபிடித்தவர் பொறுப்புச் சிஸ்டர். என் செப்டம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தபாலில் சேர்த்தார். உன் நவம்பர் பதிலைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். ஜனவரியில் அவரே கூப்பிட்டு, "மனசு இல்லாம இருக்க வேண்டாம்மா. அக்கா கோவத்துல எழுதியிருப்பாங்க, நேர்ல பார்த்தா மாறிடும், போ" என்று சொல்லி ரயிலேற்றிவிட்டார்.

நான் உன்னிடம்தான் வந்தேன் அக்கா.

அது ஒரு வியாழக்கிழமை. மதிய நேரம். பையோடு உன் ஹோட்டல் வாசலில் நின்றேன். நீ யாரோ ஒரு குடும்பத்தைக் கைகூப்பி உள்ளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தாய். சேலை கட்டியிருந்தாய். அம்மா மாதிரி இருந்தாய். ஒரு பெண் வந்து, "எத்தனை பேருங்க?" என்று கேட்டாள். "ஒருத்தருங்க" என்றேன். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தாள்.

கூட்டம் குறையட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று தயிர்சாதம் சொன்னேன். நீ மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாய். பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். என் மேசைக்கு வந்தாய். "எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று கேட்டாய். தட்டைப் பார்த்துத்தான் கேட்டாய். முகத்தைப் பார்க்கவில்லை.

"சரியா இருக்குங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டாய்.

அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால், பாதியில் வந்தவள் இப்படிச் சந்தோஷமாக இருப்பவளைப் போய்க் கூப்பிட்டு, இவள் சிரிப்பைக் கெடுக்க வேண்டுமா என்று இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். காந்திபுரத்தில் தொண்டாமுத்தூர் பஸ்ஸும் நின்றது, மேட்டுப்பாளையம் பஸ்ஸும் நின்றது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத பஸ்ஸில் ஏறினேன்.

உன் அறைக்கு வரச் சொல்கிறாய். ஜூலையில் கட்டிலைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அது வேண்டியிருந்தது. ஜனவரியிலும் வேண்டியிருந்தது. இப்போது இங்கே மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. ஊட்டியிலிருந்து லாரி வருவதற்கு முன்னால் எழுந்து வேலைக்குப் போகிறேன். இதை விட்டுவிட்டு வர மனசில்லை.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

ஜெசிந்தா

---

கோயம்புத்தூர்,
13 ஏப்ரல் 2025

ஜெசிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்ததே போதும்.

கடிதத்தை சமையலறைப் பின்பக்கம் நின்று படித்தேன். ரசாக் அண்ணன் என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். சண்முகப்ரியாவிடம் கேட்டேன். அவளுக்கு நினைவிருக்கிறது. "பையோட ஒரு பொண்ணு தனியா வந்தாங்கக்கா, சாதத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வெச்சுட்டு சாப்பிடாமயே போயிட்டாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அந்த மேசை நினைவுக்கு வருகிறது, தண்ணீர் டம்ளர் வருகிறது, பின்னால் நடந்த பேராசிரியரின் செருப்புச் சத்தம்கூட வருகிறது. உன் குரல் வரவில்லை. சின்ன வயசில் கூடத்தில் நீ தும்மினால் அடுக்களையிலிருந்து நான் குரல் கொடுப்பேன். அந்தக் காதுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

அன்றைக்கு வாங்கின மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை. ரிசல்ட் வந்துவிட்டது, முதல் வகுப்பு. முதலாளி மாலை போட்டார், போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொள்ளாச்சியில் தொடங்குகிற கிளையையும் என்னையே பார்க்கச் சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்போதெல்லாம் மேசைக்குப் போனால் முகத்தைத்தான் பார்க்கிறேன். நேற்று ஒருவர், "ஏனுங்க, என்னையத் தெரியுங்களா?" என்று சங்கடப்பட்டுக் கேட்டுவிட்டார். இல்லீங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

தீபாவளிக்குப் போன அந்தப் பயிற்சிப் பெண்ணைத் தேடிப்போனேன். வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். அதற்கு மேல் தெரியவில்லை.

அறைக்கு வா என்று இனி கூப்பிட மாட்டேன். உனக்கு வேண்டியபோது நான் இல்லை. இப்போது நான் கூப்பிடுவது எனக்காகத்தான், அது எனக்கே தெரிகிறது. நான் அங்கே வந்து உன்னைப் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

பொற்கொடி

---

மேட்டுப்பாளையம்,
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முதல் வகுப்பில் தேறியதை அப்பா மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். லோடு இறக்குகிறவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான் அக்கா. நீ நின்று நின்று படித்ததைப் பார்த்தவள் நான்.

பொள்ளாச்சிக்குப் போ. எனக்காக அதை விட வேண்டாம். விட்டாலும் ஜனவரி திரும்பி வராது.

கோபம் போய்விட்டது என்று எழுத இரண்டு தடவை ஆரம்பித்து அடித்துவிட்டேன். போகவில்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. உன்னைப் பார்த்தால் அழுவேனா, பேசாமல் இருப்பேனா, எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு வருவதானால் வா.

ஞாயிற்றுக்கிழமை மண்டி விடுமுறை. காலைப் பூசை முடிந்து நான் வர நேரமாகும். மண்டிக்குப் பின் சந்தில் பச்சைக் கதவு போட்ட வீடு. ஹோட்டலிலிருந்து ஒன்றும் கட்டிக்கொண்டு வராதே, நான் சமைக்கிறேன். நீ முன்னாலேயே வந்துவிட்டால் பாத்திமுத்துவின் அம்மா கதவைத் திறப்பார். யார் என்று கேட்டால் ஜெசியின் அக்கா என்று சொல், போதும்.

நான் இல்லையே என்று திரும்பிப் போய்விடாதே. உட்கார்ந்திரு, வந்துவிடுவேன்.

ஜெசி